குளிரை அளந்து புரளும் பக்கம்

ராகலையில் ஒரு ஜனவரி இரவு. கிண்டில் போன்றதொரு வாசிப்புக் கருவியில் நாவல் படித்துக்கொண்டிருப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போகத் திரையைத் தொடுகிறார். புதிய பக்கத்தை எழுதும் முன் அந்தக் கருவி தனக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வெப்ப உணரியைப் பார்த்துக்கொள்கிறது. அறை 25 பாகையில் இருந்தால் பக்கத்தை ஒரு விதமாக எழுதும். 10 பாகைக்கு இறங்கியிருந்தால் வேறு விதமாக, சற்று நிதானமாக எழுதும். கொழும்பில் புரளும் வேகத்தில் அதே பக்கம் இங்கே புரள்வதில்லை. வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. காரணம்தான் வியக்க வைக்கிறது. அந்தத் திரைக்குள் உண்மையாகவே எண்ணெய் போன்ற ஒரு திரவம் இருக்கிறது. அதில் உண்மையான சாயத் துகள்கள் நீந்துகின்றன. நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் போத்தலுக்குள் இறுகி நிற்கும் தேங்காயெண்ணெய் போல அது உறைந்துவிடாது. ஆனால் குளிரில் தடிக்கும். துகள்கள் நீந்திச் சேர நேரம் பிடிக்கும்.

மின்நூல் படிக்க எதை வாங்கலாம், டெப்பா, வாசிப்புக்கென்றே செய்த கருவியா என்று பலர் கேட்கிறார்கள். விலைப்பட்டியலையும் பற்றரி நேரத்தையும் ஒப்பிட்டுப் பதில் சொல்லிவிடலாம்தான். இரண்டு திரைகளையும் மனக்கண்ணால் பிரித்துப் பார்த்தால் பதில் இன்னும் தெளிவாகக் கிடைக்கும். பார்க்கும் பார்வையும் இனிமையானது.

வாசிப்புக் கருவியின் திரைக்கு மின்தாள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தானாக ஒளி விடாமல், மேலே விழும் ஒளியைக் காகிதத்தைப் போலத் திருப்பி அனுப்பும் திரை அது. ஆறு அங்குல மின்தாள் ஒன்று ஏறக்குறைய 9 சென்டிமீற்றர் அகலமும் 12 சென்டிமீற்றர் உயரமும் இருக்கும். அந்தப் பரப்பு முழுவதிலும் தலைமயிர்த் தடிப்பே உள்ள நுண்குமிழ்கள் பத்து இலட்சக் கணக்கில் நெருக்கமாகப் பூசப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் எதிரெதிரான மின்னேற்றம் கொடுக்கப்பட்டிருக்கிறது. குமிழின் மேலும் கீழும் மின்வாய்கள். கீழ்மின்வாயில் ஒரு திசையில் 15 வோல்ற் கொடுத்தால் வெள்ளை மேலே ஏறி வரும், கறுப்பு அடியில் ஒதுங்கும். அந்த இடம் வெறுந்தாளாகத் தெரியும். திசையை மாற்றினால் கறுப்பு மேலே வரும். அந்த இடம் எழுத்தின் ஒரு துளியாகும். மின்புலத்தால் துகள்கள் திரவத்துக்குள் நகரும் இந்த நிகழ்ச்சி மின்முனைநகர்வு எனப்படுகிறது.

வெள்ளைத் துகளின் கதை நம் நாட்டுக் கடற்கரைக்கே வருகிறது. அது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. சுவர்ப் பூச்சிலும் பற்பசையிலும் வெண்மை தரும் அதே பொருள். இலங்கையின் கிழக்குக் கரையில் புல்மோட்டையில் கறுப்பாக மின்னும் கனிய மணல் இருக்கிறதே, அதில் உள்ள இல்மனைற்றும் உரூத்தைலும் தைத்தேனியத்தின் தாதுக்கள். கறுத்த மணலிலிருந்து உலகின் மிக வெண்மையான சாயங்களில் ஒன்று பிறக்கிறது. அது குமிழுக்குள் ஏறினால் ஒரு நாவலின் வெறும் ஓரமாகிறது.

குமிழ் எதற்கு? இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் திரவத்தை ஊற்றித் துகள்களைப் போட்டால் போதாதா? 1970களில் ஜப்பானில் மட்சுஷிதா நிறுவன ஆய்வாளர்கள் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார்கள். திரையும் வேலை செய்தது. ஆனால் நாள் போகப் போகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டின, ஒரு பக்கமாக ஒதுங்கின, திரையில் திட்டுத்திட்டாகக் கறை விழுந்தது. இந்தச் சிக்கல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தீரவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளரும், அப்போது இளநிலை மாணவர்களாக இருந்த பாரெட் கோமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் இருவரும் கண்ட தீர்வு, துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அடைத்துவிடுவது. தனிக் குமிழுக்குள் இருக்கும் துகள் எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும்? 1997இல் ஈ இங்க் நிறுவனம் தொடங்கியது. 1998இல் அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. 2004இல் சோனி நிறுவனம் ஜப்பானில் இந்தத் திரையோடு முதல் வாசிப்புக் கருவியை விற்றது. 2007 நவம்பரில் முதல் கிண்டில் வந்தது.

குமிழ் செய்யும் கலை அதற்கும் பழையது. மேல்தாளில் எழுதினால் கார்பன் தாள் இல்லாமலேயே கீழ்த்தாளில் பிரதி விழும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மேல்தாளின் பின்புறத்தில் மைப்பொருள் நிறைந்த நுண்குமிழ்கள் பூசியிருக்கும். பேனாவின் அழுத்தத்தில் அவை உடையும். 1950களிலேயே வந்துவிட்ட நுட்பம் இது. அங்கே குமிழ் உடைந்தால்தான் எழுத்து. இங்கே குமிழ் ஆண்டுக்கணக்கில் உடையாமல் இருந்தால்தான் எழுத்து.

இனி அளவுகளைப் பார்ப்போம். இன்றைய கருவிகளில் ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள். அதாவது ஒரு புள்ளியின் அகலம் 0.085 மில்லிமீற்றர். ஆறு அங்குலத் திரையில் இப்படிப் பதினைந்து இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். படப்புள்ளியும் குமிழும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் ஒரு புள்ளிக்கு ஒரு குமிழ் என்று வரிசை பிடித்து வைப்பதில்லை. குமிழ்கள் பூச்சில் எப்படி விழுந்தனவோ அப்படியே கிடக்கும். இரண்டு புள்ளிகளின் எல்லையில் விழுந்த குமிழ் என்ன செய்யும்? பாதியில் வெள்ளையும் பாதியில் கறுப்புமாக நிற்கும். 'ழ'வின் வால் வளையும் இடத்தில் இப்படிப் பாதிபாதியாக நிற்கும் குமிழ்கள் நிறைய இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. பக்கம் எழுதி முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து நிற்கும். ஒரு மணி நேரமல்ல. பற்றரி முழுவதும் தீர்ந்த பின்னும், மாதக்கணக்கில். தைத்தேனியம் ஈரொட்சைட்டு தண்ணீரைவிட நான்கு மடங்கு கனமானது. இயல்பாக அது திரவத்தின் அடியில் படிந்திருக்க வேண்டும். படியாமல் இருப்பதற்காகத் துகளின் மேற்பரப்பில் நீண்ட மூலக்கூறுகளை ஒட்டுகிறார்கள். திரவத்திலும் பொலிஐசோபியூட்டிலீன் என்ற நெடுஞ்சங்கிலி மூலக்கூறைக் கொஞ்சம் கரைத்துவிடுகிறார்கள். இந்தச் சங்கிலிகள் துகள்களை மெல்ல நெருக்கிப் பிடித்து வைக்கின்றன. மின்புலம் வந்து இழுத்தால் விடும்; இல்லையென்றால் விடாது. வெள்ளையிலும் நிலைத்து நிற்கும், கறுப்பிலும் நிலைத்து நிற்கும் என்பதால் இதை இருநிலை உறுதி என்கிறார்கள். மின்தாளின் சிக்கனம் முழுவதும் இந்தக் கரைசலில்தான் இருக்கிறது.

நிலைத்து நிற்பதால் ஒரு தொல்லையும் உண்டு. இடைப்பட்ட சாம்பல் நிறங்களையும் சேர்த்து மின்தாள் 16 நிறப்படிகளைக் காட்டுகிறது. 5ஆம் படியிலிருந்து 9ஆம் படிக்குப் போக வேண்டிய புள்ளிக்கும் 12இலிருந்து 9க்கு வர வேண்டிய புள்ளிக்கும் ஒரே மின்துடிப்பைக் கொடுக்க முடியாது. துகள்கள் முன்பு எங்கே நின்றன என்று தெரிந்தால்தான் எவ்வளவு தள்ளுவது என்று தெரியும். எனவே எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு என்ற 256 பயணங்களுக்கும் தனித்தனி மின்துடிப்பு வரிசையைக் கருவி அட்டவணையாக வைத்திருக்கிறது. அந்த அட்டவணையும் ஒன்று போதாது. வெப்பநிலைக்கு வெப்பநிலை வேறு அட்டவணை வேண்டும். முதலில் சொன்ன வெப்ப உணரி எதற்கென்று இப்போது புரியும். ராகலைக் குளிருக்கு ஓர் அட்டவணை, மட்டக்களப்பு வெயிலுக்கு வேறோர் அட்டவணை. ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்குத் தரைப்பனி விழும் விடியற்காலை ஏறக்குறைய இந்தத் திரைகளின் எல்லை; பெரும்பாலானவை பூச்சியத்திலிருந்து 50 பாகை வரைக்கும் என்று வடிவமைக்கப்பட்டவை.

சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து வெளுப்பதைப் பார்த்துப் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. பழுதல்ல. முந்தைய பக்கத்தின் எழுத்து மெல்லிய நிழலாகத் தங்கிவிடாமல், எல்லாத் துகள்களையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் தொடங்குகிறது கருவி.

இப்போது டெப்பைத் திறப்போம். அதன் கதை கரட்டில் தொடங்குகிறது. 1888இல் பிராக் நகரில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கரட்டிலிருந்து பிரித்தெடுத்த கொலஸ்திரோலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் சேர்மம் ஒன்றைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகியது. 145.5 பாகையில் கலங்கிய திரவமானது, 178.5 பாகையில் தெளிந்தது. இடைப்பட்ட கலங்கல் நிலையில் அது திரவம் போல ஓடியது, படிகம் போல ஒளியை வளைத்தது. திரவப் படிகம் என்ற பொருள்நிலை மனிதர் கண்ணில் பட்டது இப்படித்தான். கந்தப்பளையிலிருந்தும் ராகலையிலிருந்தும் லொறி லொறியாக இறங்கும் கரட்டுக்கும் கையில் இருக்கும் டெப்புக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

பெரும்பாலான டெப்களின் திரையில் பின்னாலிருந்து ஒரு விளக்குத் தகடு எப்போதும் எரிகிறது. அதற்கு முன்னால் முனைவாக்கி என்ற தாள். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். அதன் பின் திரவப் படிகம், நிற வடிகட்டி, மறுபடி ஒரு முனைவாக்கி. படிக மூலக்கூறுகள் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி, ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பி, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. முதல் முனைவாக்கியிலேயே பாதிக்கு மேல் ஒளி போய்விடும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். விளக்கு தரும் 100 பங்கு ஒளியில் 10 பங்குகூட நம் கண்ணுக்கு வருவதில்லை. இவ்வளவு வீணானாலும் இலட்சக்கணக்கான நிறங்களை இந்த ஏற்பாடு காட்டுகிறது, படம் ஓடுகிறது, பிள்ளைகள் வகுப்புப் பாடத்தைப் பார்க்கிறார்கள். மின்தாளால் இதெல்லாம் இயலாது. நிற மின்தாள்கள் வந்துவிட்டன என்றாலும் அவற்றின் நிறம் நனைந்த செய்தித்தாளின் நிறம்தான்.

வேறுபாடு அடிப்படையானது. திரவப் படிகத்துக்கு மின்தாளைப் போல நின்ற நிலையில் நிற்கத் தெரியாது. ஒவ்வொரு செக்கனிலும் அதற்கு மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். பெரும்பாலான டெப்களில் செக்கனுக்கு 60 தடவை. ஒரு பக்கத்தைப் படிக்க ஒன்றரை நிமிடம் எடுக்கிறது என்றால், அந்த அசையாத பக்கத்தை டெப் 5,400 தடவை எழுதுகிறது. மின்தாள் ஒரே தடவை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறது.

பற்றரிக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது, ஆனால் விளம்பரத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு 10 வாரம் என்று சொன்னார்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால் என்பது அதன் நிபந்தனை. 70 நாள், 35 மணி நேரம். அதே ஆண்டில் வந்த சாதாரண ஐபேட்டின் பற்றரி 32 வோற்று-மணி. 10 மணி நேரம் ஓடும். பேப்பர்வைட்டின் பற்றரி அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு பற்றரி, மூன்றரை மடங்கு நேரம். பெருக்கிப் பார்த்தால் ஒரு மணி நேர வாசிப்புக்கு டெப் குடிக்கும் மின்சாரம் ஏறத்தாழ 17 மடங்கு. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாள்களை மறந்தவர் யாரும் இங்கே இருக்க முடியாது. அந்த நாள்களில் கையில் வாசிப்புக் கருவி இருந்தவருக்கு இந்த 17 வெறும் எண்ணாக இருந்திருக்காது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை வெற்றி தோல்வி இடத்துக்கு இடம் மாறும். நடுப்பகல் நேர்வெயில் ஏறக்குறைய ஓர் இலட்சம் லக்ஸ். மின்தாள் தன்மேல் விழும் ஒளியில் 40 வீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைத் தாள் 80 வீதம் அனுப்பும். கணக்குப் போட்டால் வெயிலில் மின்தாளின் பிரகாசம் ஒரு சதுர மீற்றருக்கு 12,000 கண்டெலாவைத் தாண்டும். டெப் தன் முழுப் பலத்தையும் காட்டினால் 500. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்! வெயிலில் டெப் இருண்டு போவதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். அதன் ஒளி குறையவில்லை; சுற்றுப்புறம் அதை விழுங்கிவிடுகிறது. உடப்புசல்லாவைப் பக்கம் மூட்டம் கவிந்து வெளிச்சம் 10,000 லக்ஸாகக் குறைந்த பகலிலும் மின்தாள் இரண்டரை மடங்கு முன்னே நிற்கும்.

இரவில் நிலைமை தலைகீழாகும். லயத்து அறையில் ஒற்றை மின்குமிழ் எரிந்தால் புத்தகத்தின் மேல் 100 லக்ஸ் விழுந்தால் பெரிது. அப்போது மின்தாளின் பிரகாசம் 13 கண்டெலாதான். சாம்பல் பூத்த தாள் போலிருக்கும். முதல் கிண்டில்களில் விளக்கே இல்லை. 2012இல் விளக்கு வந்தபோது, டெப்பைப் போலப் பின்னால் வைக்க முடியவில்லை. குமிழ்கள் ஒளியை மறைத்துவிடும். எனவே திரையின் ஓரத்தில் சிறு எல்.ஈ.டி.களை வைத்து, மேலே ஒளிகடத்தும் மெல்லிய தகடு ஒன்றைப் பரப்பினார்கள். அந்தத் தகட்டின் நுண்ணிய கீறல்கள் ஒளியைக் கீழ்நோக்கி, பக்கத்தின் மேல் கொட்டுகின்றன. நாம் பார்ப்பது விளக்கையல்ல, விளக்கு பட்ட பக்கத்தை.

கண்ணுக்கு எது நல்லது என்பதில் நான் அளந்துதான் பேசுவேன். 2012இல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு டெப்புக்கும் மின்தாளுக்கும் இடையே களைப்பில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு டெப்பில்தான் களைப்பு அதிகம் என்றது. இரண்டிலும் கலந்துகொண்டோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தூக்கம் பற்றிய சான்று கொஞ்சம் வலுவானது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் செய்த அந்த ஆய்வு 2014 இறுதியில் வெளியானது. 12 பேர் ஐந்து இரவுகள் படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஐபேட்டில் படித்தார்கள். இன்னும் ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்தில் படித்தார்கள். ஐபேட் இரவுகளில் உறக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக எடுத்தது. தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலற்றோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப் போனது. ஐபேட் முழுப் பிரகாசத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வைக் காட்டி வாசிப்புக் கருவி தூக்கத்தைக் கெடுக்கும் என்று எழுதுகிறார்கள். அதில் மின்தாள் சோதிக்கப்படவே இல்லை.

இதுவரை சொன்னதை வைத்து, வாசிப்பதற்கு மின்தாளே மேல் என்று முடித்துவிடத் தோன்றும். ஆங்கில வாசகருக்கு அது சரியாகவும் இருக்கலாம். மலையகத்தில் தமிழ் படிக்கும் ஒருவருக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. அவர் படிக்க விரும்பும் புத்தகம் எழுத்தாக இருக்கிறதா, படமாக இருக்கிறதா?

எழுத்தாக இருக்கும் புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். கருவி அந்த எண்ணைப் படித்து, வேண்டிய அளவில் வரைந்து, வரிகளைத் திரைக்கு ஏற்ப மடக்கிக்கொள்ளும். தமிழில் இது இலேசான வேலையல்ல. 'கொ' என்ற எழுத்து கோப்புக்குள் 'க' என்ற எண்ணாகவும் அதன் பின் ஒகரக் குறியின் எண்ணாகவும் இருக்கும். திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி 'க'வுக்கு முன்னே போய்க் கொம்பாக வேண்டும், மறுபாதி பின்னே வந்து காலாக வேண்டும். இதைச் செய்யும் மென்பொருளை எழுத்துக்கோப்பி எனலாம். அது இல்லாத கருவியில் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். ஒரு வரி படிப்பதற்குள் தலை வலிக்கும். 2013இல் த. சீனிவாசன் முதலான தன்னார்வலர்கள் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு நூலுக்கும் பல வடிவங்களோடு '6 அங்குல பி.டி.எஃப்.' என்று ஒன்று இருப்பதைக் காணலாம். கருவிக்குத் தமிழ் கோக்கத் தெரியாவிட்டால் என்ன, ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்து முன்பே கோத்த பக்கத்தைக் கொடுத்துவிடலாம் என்ற சாமர்த்தியம் அது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை அதிகாரபூர்வமாக விற்கத் தொடங்கியது.

அதற்கும் வெகு முன்பே, 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தது. அதை முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியலாளர். அவர் உழைத்த துறை சாயமேற்றிய சூரியக் கலங்கள். அந்தக் கலங்களின் முதன்மைப் பொருள் எது தெரியுமா? தைத்தேனியம் ஈரொட்சைட்டு! அவர் ஆய்வுக்கூடத்தில் கையாண்ட வெள்ளைப் பொடிதான் அவர் ஏற்றிய நூல்களுக்கு இன்று வெள்ளைத் தாளாக இருக்கிறது.

ஆனால் மலையகத்தின் புத்தகங்கள் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்கள், இதழ்கள், மலர்கள் என ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைத் திரட்டி இலவசமாக வைத்திருக்கிறது. மலையக எழுத்தாளர்கள் பலரின் நூல்களும் அந்தனி ஜீவாவின் 'கொழுந்து' சஞ்சிகை இதழ்களும் அங்கே கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி பக்கத்துக்குப் பக்கம் வருடியெடுத்த படங்கள். ஏ5 அளவுப் பக்கம் ஒன்று 148 மில்லிமீற்றர் அகலம். ஆறு அங்குல மின்தாள் 90. அதற்குள் பக்கத்தை அடக்கினால் 10 புள்ளி எழுத்து 6 புள்ளியாகச் சுருங்கும். ண, ன வேறுபாடு மங்கும். மெய்யின் மேல் உள்ள புள்ளி சில இடங்களில் மறைந்தே போகும். பெரிதாக்கி ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிக்கலாமென்றால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் துகள்கள் நீந்தி வரக் காத்திருக்க வேண்டும். 10 அங்குல டெப்பின் திரையோ ஏறக்குறைய ஏ5 தாளின் அளவேதான். பழைய சஞ்சிகையின் அட்டை நிறமும் அப்படியே தெரியும். இந்தப் புத்தகங்களுக்கு டெப்தான் சரி, தயக்கமில்லாமல் சொல்வேன். புதிய தமிழ் நாவல்களை மின்நூலாகவே வாங்கிப் படிப்பவருக்கு மின்தாள்தான் சரி. அதையும் தயக்கமில்லாமல் சொல்வேன்.

விலையைத் தாண்டிப் போக முடியாது. 2024இல் மிக எளிய கிண்டிலின் அமெரிக்க விலையே சுமார் 110 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய். அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 24 நாள் கொழுந்து பறித்த பணம். வீட்டுக்கு ஒன்று என்று யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் தோட்டப் பாடசாலை நூலகத்திலோ வாசிகசாலையிலோ புத்தகத்தை இரவல் கொடுப்பதுபோல இந்தக் கருவியையும் கொடுக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். படம் ஓடாது, விளையாட்டு இல்லை, வாரக்கணக்கில் மின்னேற்ற வேண்டியதில்லை. இரவல் கொடுக்க இவையெல்லாம் நல்ல குணங்கள்.

கொள்ளளவும் அப்படியொரு கொடை. 200 பக்கத் தமிழ்ப் புத்தகம் எழுத்தாக இருந்தால், சுருக்கிய கோப்பு அரை மெகாபைற்றுக்குள் அடங்கும். படமாக இருந்தால் 20 மெகாபைற் என்பது சாதாரணம். 16 ஜிகாபைற் கருவியில் மென்பொருள் போக 13 மிஞ்சினால், எழுத்துப் புத்தகங்கள் 26,000 அடங்கும். படப் புத்தகங்கள் 650தான். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் இருந்தன. எழுத்தாக்கப்பட்டிருந்தால் அவை 50 ஜிகாபைற்றுக்குள் அடங்கியிருக்கும். சுண்டுவிரல் நகமளவு நினைவட்டையில் அவற்றை வைத்து, ஊருக்கு ஊர் நூறு பிரதி எடுத்து வைத்திருக்கலாம்.

படத்தை எழுத்தாக்குவது எப்படி? எழுத்துணரி என்ற மென்பொருள் பக்கத்தின் படத்தைப் பார்த்து, இது 'ம', இது 'டு' என்று அடையாளம் கண்டு எழுத்தாக்கித் தரும். தெளிவான புதிய அச்சில் நன்றாகவே படிக்கிறது. பழைய ஈய அச்சில் தடுமாறுகிறது. அந்த அச்சுகளில் காலும் 'ர'வும் ஒரே உருவில் இருக்கும். ணை, லை, னை போன்றவை துதிக்கையோடு வேறு வடிவில் இருக்கும். மை போதாமல் புள்ளிகள் விழாதிருக்கும். மனிதர் சொல்லை நோக்கிப் படிக்கிறார், இடறுவதில்லை. மென்பொருள் உருவை நோக்கிப் படிப்பதால் இடறுகிறது. ஆகவே மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். விக்கிமூலத்தில் ஒரு பக்கம் மூலப்படம், மறுபக்கம் எழுத்துணரி தந்த எழுத்து என்று அருகருகே வைத்துத் தன்னார்வலர்கள் திருத்துகிறார்கள். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை.

எந்தப் புத்தகத்தையும் எடுத்து இப்படிச் செய்துவிட முடியாது. இலங்கைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மறைந்தது 1984இல். அவர் நூல்களுக்குக் குடும்பத்தாரின் அனுமதி வேண்டும். இன்னொரு மலையக எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப் மறைந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக்கித் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்து, அவர்களுக்காகவே பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் நூலும் எழுதி அச்சிட்ட கோ. நடேசய்யர் மறைந்தது 1947இல். அந்த 70 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவருடைய எழுத்துக்கு அந்தத் தடை இல்லை. அவருடைய சிறு பிரசுரம் ஒன்றின் படங்களை ராகலையில் இருக்கும் ஓர் உயர்தர வகுப்பு மாணவி கைத்தொலைபேசியிலேயே மெய்ப்புப் பார்த்துப் பச்சையாக்கத் தொடங்கலாம். முடிந்ததும் அது சில நூறு கிலோபைற் கோப்பாகும். மிக மலிவான மின்தாளிலும் ஏறும், அவளுடைய அம்மம்மாவின் கண்ணுக்கு ஏற்ப 20 புள்ளி எழுத்திலும் விரியும்.